ஒருத்தரும் தூங்காத மீட்டிங்

ஏனுங்க, தூக்கம் வருதுங்களா? பஸ்சு சன்னல் கம்பில தலை முட்டுது பாருங்க. நல்லா நிமுந்து உக்காருங்க, பேசிட்டே போலாம். தாராபுரம் போற வரைக்கும் நானு உங்களைத் தூங்க உட்டா என் பேரு தெய்வசிகாமணி இல்லீங்க. மத்தவங்க தூங்காமப் பாத்துக்கறதுதான் எனக்குத் தொழிலே. சிரிக்காதீங்க, நெசமாத்தான் சொல்றேன்.

கோயமுத்தூர்ல பம்பு செட்டு பண்ற கம்பெனிங்க. பேரு வேண்டாம், நல்ல கம்பெனி, போற எடத்துலயெல்லாம் பேசப்படாது. நானு அங்க பணியாளர் நல அலுவலர். ரூமுக்கு வெளியில போர்டே இருந்துச்சு. சின்ன ரூமுதான், பாதி எடத்துல பம்பு அட்டைப்பொட்டி அடுக்கியிருப்பாங்க, ஆனா ஃபேன் உண்டு. மாசாமாசம் கடசி சனிக்கெழம மத்தியானம் மொத்தக் கம்பெனிக்கும் மீட்டிங்கு. அதை நடத்தறது நானு. மைக்கு நானு, சேரு நானு, டீ நானு, வரவேற்புரை நானு, நன்றியுரை நானு. குத்துவெளக்குக்குத் திரி போடறதும் நானுதான், கடசில நாட்டுப்பண் போடறதும் நானுதான். மத்த நாள்ல சில்லறை வேலை ஏதாச்சும் இருக்கும், அதையெல்லாம் சொல்லி என்ன ஆகப்போகுது.

பெரிய மொதலாளி இருந்தப்ப மீட்டிங்கு சட்டுனு முடிஞ்சிரும். "நல்லா வேலை பாருங்க சாமிகளா, டீயக் குடிச்சுட்டுப் போங்க"ம்பாரு, அவ்வளவுதான். அவரு காலமான பொறவு மகன் நிரஞ்சன் சார் வந்தாருங்க. வெளிநாட்டுல படிச்சவரு. தெரையில படம் போட்டுப் போட்டுப் பேசுவாரு. படம் போடோணும்னா லைட்டை அணைக்கோணும். சாப்பிட்டு வந்த வயிறு, இருட்டு, ஏ.சி. வேற. நீங்களே சொல்லுங்க, ஆருக்குத்தான் கண்ணு சொக்காது? வார்ப்புப் பட்டறை ஆளுங்க நேரா உக்காந்தமேனிக்கே தூங்குவாங்க. அக்கவுண்ட்ஸ்காரங்க கண்ணைத் தொறந்து வெச்சுட்டே தூங்குவாங்க, அது ஒரு தனித் தெறமைங்க. மோட்டாருக்குக் கம்பி சுத்துற ஒயிண்டிங் பொம்பளைங்க ஒருத்தர் மேல ஒருத்தர் சாஞ்சுக்குவாங்க. வார்ப்புல பொன்னுச்சாமின்னு ஒருத்தரு, அவரு குத்துவெளக்கு ஏத்தறக்கு முந்தியே தூங்கிப் போயிருவாரு. கொறட்டை வேற. ஒரு தடவை சார் "ஏதாவது சந்தேகம் இருக்கா?"ன்னு கேட்டு நிறுத்துனாரு. பதிலு பொன்னுச்சாமி மூக்குலருந்துதான் வந்துச்சு.

சாருக்கு மொகம் செவந்து போச்சுங்க. அடுத்த வாரம் பெங்களூர்ல ஏதோ கருத்தரங்குக்குப் போயிட்டு வந்தாரு, வந்ததும் "மீட்டிங்கைக் கூப்பிடு"ன்னாரு. மீட்டிங்குன்னா நானுதான். என்னை அவரு அப்படித்தான் கூப்பிடுவாரு, "மீட்டிங்கு எங்க? மீட்டிங்கு இன்னும் வரலையா?"ன்னு. பேரு நீளம் பாருங்க, பெரிய மனுசங்களுக்கு நேரம் வேணுமில்லீங்களா. நானு மேடையில அவரு பேரைப் பட்டத்தோட, அவரு அப்பா பேரோட, தாத்தா பேரோட சொல்லிச் சொல்லி வாய் மணந்திருக்கு. ஒரு நாள் அவரு என் பேரை முழுசா மைக்ல சொல்லோணும்னு எனக்கு உள்ளுக்குள்ள ஒரு ஆசைங்க. ருக்குமணிகிட்ட, அதான் ஊட்டுக்காரிகிட்ட, சொன்னா சிரிப்பா.

போனேன். "இனிமே நான் பேசி அவங்க கேக்கற மீட்டிங் வேண்டாம். அவங்களும் பங்கெடுக்கணும். இன்டராக்டிவ்! கேள்வி, ஓட்டெடுப்பு, விளையாட்டு! எல்லாரும் முழிச்சுட்டு இருக்கணும்"ன்னாரு. எனக்கு ஒடம்பெல்லாம் சிலுத்துப் போச்சுங்க.

மொத மாசம் செல்போன் ஓட்டெடுப்பு. சாரு கேள்வி போடுவாரு, ஆளுங்க போன்ல ஒரு வார்த்தை அடிக்கோணும், அது தெரையில வரும். நெறையப் பேரு அடிச்ச வார்த்தை பெருசாத் தெரியும். நல்ல ஏற்பாடுதானுங்க. ஆனா எங்க கம்பெனில மிசினுகிட்டப் போற ஆளு செல்போனைக் கேட்லயே செக்யூரிட்டிகிட்டக் குடுத்துட்டுத்தான் உள்ள வரோணும். நானு ஸ்பெசல் பர்மிசன் வாங்கி எல்லாத்துக்கும் போனைத் திருப்பிக் குடுத்தேன். அட, அந்தச் சந்தோசத்தை நீங்க பாக்கோணுமே! பாதிப் பேரு ஊட்டுக்குப் போனைப் போட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டியாச்சான்னு கேக்கறாங்க. மீதிப் பேரு சாரோட சேந்து செல்ஃபி எடுக்கறாங்க. சாரு "நம் கம்பெனி என்றதும் மனதில் தோன்றுவது என்ன?"ன்னு கேள்வியப் போட்டாரு. அன்னிக்குப் பாத்து டீக்காரன் வரலீங்க. தெரை பூராவும் யானை மாதிரி ஒரே எழுத்து. "டீ."

சாரு என்னைப் பாத்தாரு. "டீம் ஒர்க்குங்க சார், அவசரத்துல பாதியோட உட்டுட்டாங்க"ன்னேன். தலையாட்டிட்டாரு. அந்தச் சமயோசிதத்தை ஆரும் பாராட்டலீங்க, அது கெடக்கட்டும்.

ரெண்டாவது மாசம் பந்து வெளையாட்டு. பாட்டு நிக்கறப்ப பந்து ஆரு கையில இருக்குதோ அவங்க எந்திரிச்சு ஒரு யோசனை சொல்லோணும். பாட்டும் நின்னுச்சு, பந்து பொன்னுச்சாமி மடியில. மனுசன் நல்ல தூக்கம். பக்கத்து ஆளு ஒலுக்குனதும் பதறி எந்திரிச்சவரு, பந்தை என்ன ஏதுன்னு பாக்காம ஓங்கி ஒரே வீச்சு. படம் காட்டற மிசினு அன்னிக்கோட சரிங்க.

சாரு கூப்பிட்டாரு. "அடுத்த கூட்டத்துல ஒரே ஒருத்தர் தூங்கினாலும் மீட்டிங்கும் கிடையாது, உங்க சீட்டும் கிடையாது"ன்னாரு. நானு கும்புட்டுட்டு வெளிய வந்து என் ரூமுல உக்காந்து ஃபேனையே பாத்துட்டிருந்தேன். பயந்துட்டனுங்க, மறைக்கறதுக்கு என்ன. இந்த வயசுல வேற எங்க போயி மைக்கைப் புடிக்கறது?

சாமி எங்கூரு மாரியாத்தா வடிவத்துல வந்துச்சுங்க. நோம்பித் திருவிழாவுக்குக் கோயில் மைதானத்துல பட்டிமன்றம் போட்டிருந்தாங்க. போயி பாத்தா முன்வரிசையில, மண்ணுல, சப்பணம் போட்டு உக்காந்திருக்கறது ஆரு? பொன்னுச்சாமி! கண்ணு ரெண்டும் கோலிக்குண்டாட்ட முழிச்சிருக்குது. கை தட்டறாரு, விசிலடிக்கறாரு, பக்கத்து ஆளு தொடையில அடிக்கறாரு. சேரு இல்லை, ஏ.சி. இல்லை, கொசு வேற புடுங்குது. அந்த மனுசன் கொட்டாவி கூட உடலீங்க. அங்கயே முடிவு பண்ணிட்டேன்.

சாருக்கு வெளக்கிச் சொல்றக்குத்தான் கொஞ்சம் நேரமாச்சு. உற்பத்தி ஆளுங்க ஒரு அணி, விற்பனை ஆளுங்க ஒரு அணி. தலைப்பு, "நம்ம பம்பு விக்காம நிக்கறதுக்குப் பெரிதும் காரணம் உற்பத்தியா? விற்பனையா?" நீங்கதான் நடுவர்னு சொன்னேன். சாரு யோசிச்சாரு. "காரணம் நான்தான்னு யாராச்சும் சொல்லிட்டா?"ன்னாரு. "தலைப்புல ரெண்டுதானுங்க சார் இருக்கு. மூணாவதா ஒண்ணைச் சொல்ற உரிமை நடுவருக்கு மட்டுந்தான். கடசில ரெண்டு பக்கமும் எதிர்பாக்காத ஒரு தீர்ப்பைப் போட்டு ஒடைக்கோணுங்க, அப்பத்தான் மண்டபமே எந்திரிச்சு கை தட்டும்"னு சொன்னேன். அது அவருக்கு நெம்பப் புடிச்சுப் போச்சு. அதைச் சொல்லிக் குடுத்தது நானுதானுங்க. வேற ஆரு சொல்லுவாங்க?

அந்தச் சனிக்கெழம வந்துச்சுங்க. ஏ.சிய அணைச்சுட்டு சன்னலைத் தொறந்து உட்டேன். சேரையெல்லாம் எடுத்துட்டு சமுக்காளம் விரிச்சேன். மேசையில மணி ஒண்ணு, நேரத்துக்கு மேல எச்சாப் பேசுனா அடிக்கறக்கு. சாருக்குப் பொன்னாடை போத்துனேன். மொத அவருக்கு ஒடம்பு வெறைச்சுத்தான் இருந்துச்சு.

விற்பனை அணிக்கு ரஃபீக்கு. கடை கடையா அலையற பையன், வாய்க்கு முன்னால வண்டி தோத்துரும். எந்திரிச்சான். "நடுவர் அவர்களே! நம்ம மோட்டாரைப் போட்டா நாதஸ்வரம் மாதிரி சத்தம் வருதுங்க. தோட்டத்துக்காரரு கேக்கறாரு, தம்பி, கச்சேரி போதும், தண்ணி எப்ப வரும்?" அவ்வளவுதான், மண்டபம் அலறுது! நானு அப்படியே பொன்னுச்சாமியத்தான் பாக்கறேன். வாயெல்லாம் பல்லு.

அதுக்கு எதிரணித் தலைவி ஒயிண்டிங் மயிலாத்தா. வேலை நேரத்துல வாயே தொறக்காதுங்க அந்தம்மா. சேலைய இழுத்துச் சொருகிட்டு எந்திரிச்சுது. "ஏனுங்க ரஃபீக் தம்பி, எண்ணூறு அடி போர் போட்ட மனுசனுக்கு ஒரு ஹெச்பி மோட்டாரை வித்துட்டு வந்தது ஆருங்க? அது கச்சேரி பண்ணலீங்க சாமி, ஐயோ என்னைக் காப்பாத்துங்கன்னு அழுகுதுங்க!" ஐயோ, நானு வகுறு வலிக்கச் சிரிச்சேன். சிரிச்ச சிரிப்புல மணிய அடிக்க மறந்துட்டேன். பொம்பளைங்க ஒரு பக்கம் ஓன்னு கத்தறாங்க, ஆம்பளைங்க ஒரு பக்கம் சமுக்காளத்தை அடிக்கறாங்க, கேன்டீன் மாஸ்டரு கரண்டியோட வாசல்ல வந்து நின்னுட்டாரு. அக்கவுண்ட்ஸ்காரங்க சிரிச்சு நானு அன்னிக்குத்தான் பாத்தேன்.

சாரு நடுவுல சும்மா ஒண்ணு சொன்னாரு, "உங்க சண்டையில வர்ற சூட்டுக்கே மோட்டார் ஓடிரும் போல இருக்கே"ன்னு. பெரிய பகடியெல்லாம் இல்லீங்க. ஆனா ஒரு கைதட்டு வந்துச்சு பாருங்க! சாரு மொகத்தைப் பாக்கோணுமே. மொத மொத மிட்டாயத் திங்கற கொழந்தையாட்ட ஆயிட்டாரு. அதுக்கப்புறம் மனுசன் ஆளே மாறிப் போனாரு. பொன்னாடைய இழுத்து உட்டுக்கறாரு, மைக்கைச் சாச்சுப் புடிக்கறாரு, சோடா கேக்கறாரு. பட்டிமன்ற மேடையிலயே பொறந்து வளந்த மாதிரி!

கடசில தீர்ப்புக்கு எந்திரிச்சாருங்க. மண்டபம் கப்புனு அடங்குச்சு. "உற்பத்தியா?"ன்னாரு. ஒயிண்டிங் பக்கம் "இல்லை!"ங்குது. "விற்பனையா?" ரஃபீக்கு கோஷ்டி "இல்லவே இல்லை!"ங்குது. "ரெண்டும் இல்லைன்னா நம்ம கம்பெனியைப் புடிச்சு இழுக்கறது எது? தேவையில்லாத செலவுகளே!"ன்னாரு. கைதட்டு. "தேவையில்லாத பதவிகளே!" விசிலு. நானும் பரபரன்னு தட்டறேன். சொல்லிக் குடுத்தபடியே மூணாவதைப் போட்டு ஒடைக்கறாரே, எனக்குப் பெருமை இருக்காதுங்களா?

"உதாரணம் வேணுமா? நம்ம தெய்வசிகாமணி அவர்கள்!"

சொன்னாருங்க. மைக்ல. முழுசா. அவர்கள் போட்டு! எனக்குக் கண்ணு கலங்கிருச்சுங்க, சத்தியமாச் சொல்றேன். ருக்குமணி இங்க இல்லையேன்னு இருந்துச்சு.

"மீட்டிங் நடத்தறதுக்குன்னு ஒரு ஆளு, அவருக்கு ஒரு ரூம், அதுக்கு ஒரு ஃபேன். இன்னிக்கு நீங்களே பேசினீங்க, நீங்களே சிரிச்சீங்க, நீங்களே நடத்திக்கிட்டீங்க. இனி அந்தப் பதவி எதுக்கு? அடுத்த மாசத்திலிருந்து கிடையாது! இதுவே என் தீர்ப்பு!"ன்னு மேசையில ஒரே குத்து.

என்ன தோரணை! என்ன கம்பீரம்! நானு எந்திரிச்சு நின்னு தட்டுனனுங்க.

ஆனா ஒரு கை கூட எங்கூடச் சேரலீங்க. என் கை சத்தம் மட்டும் செவுத்துல போயி முட்டிட்டுத் திரும்பி வருது. போச்சுடா, தூங்கிட்டாங்களான்னு நெனச்சேன். வரிசை வரிசையாப் பாத்தேன். எல்லாக் கண்ணும் தொறந்துதான் இருக்குது. பொன்னுச்சாமி சாரையே மொறைச்சுப் பாத்துட்டு உக்காந்திருக்காரு. கையக் கட்டிட்டு. மொதலாளி தீர்ப்புச் சொல்றாரு, ஒரு மரியாதைக்காவது தட்ட வேண்டாமுங்களா? எனக்கு இன்னைக்கு வரைக்கும் இருக்கற ஒரே வருத்தம் அதுதானுங்க. நல்லாப் போயிட்டிருந்த நிகழ்ச்சி, அந்த எடத்துலதான் தொய்வு.

சாரு கைதட்டுக்காகக் காத்துட்டு நிக்கறாரு. அப்பப் பாத்து மயிலாத்தா எந்திரிச்சுது. "நடுவரய்யா, ஒரு கேள்விங்க." நானு மணிய அடிச்சேன். "தீர்ப்புக்கப்புறம் பேசக் கூடாதுங்கம்மா, அது மரபில்லை"ன்னேன். அது என்னைத் திரும்பிக் கூடப் பாக்கலீங்க. "நாங்க வேர்த்து ஊத்தி மயக்கம் போட்டு உழுந்தப்ப, ஒயிண்டிங்குக்கு ஃபேன் போடச் சொல்லி உங்க வாசல்ல நாள் முச்சூடும் நின்னது ஆருங்க? என்ற பொண்ணு பிரசவத்துக்குத் துடிச்சப்ப கம்பெனி வண்டிய எடுத்துட்டு ஓடி வந்தது ஆருங்க? இந்தப் பதவி வேண்டாமுன்னு உங்களுக்கு ஆருங்க சொன்னது?"

தலைப்பை உட்டு எங்கெங்கயோ போகுதுங்க! நானு மறுக்கா மணிய அடிச்சேன். சரி, எதிரணியாவது மடக்கும்னு பாத்தா, ரஃபீக்கு எந்திரிச்சு, "அக்கா சொல்றதுதான் நானும் சொல்றது. எங்கம்மா ஆஸ்பத்திரில இருந்தப்ப லீவு வாங்கிக் குடுத்தது இவருதான். இதுல ரெண்டு அணி இல்லைங்க சார், ஒரே அணிதான்"ங்கறான். பட்டிமன்றத்துல எங்கயாவது நடக்குமுங்களா இது? பொன்னுச்சாமி எந்திரிச்சாரு, அவருக்குப் பேச வரலை, "இவரு இல்லாட்டி எங்களுக்கு ஆருங்க?"ன்னு மட்டும் கேட்டுட்டு நிக்கறாரு. அவருக்குப் பின்னால மண்டபமே எந்திரிச்சுது. நானு மணிய அடிக்கறேன், அடிக்கறேன், "உக்காருங்க, உக்காருங்க"ங்கறேன், ஒருத்தரு கேக்கோணுமே! எனக்குக் கூச்சமாப் போச்சுங்க. சாரு என்ன நெனைப்பாரு, நானே சொல்லிக் குடுத்து எந்திரிக்க வெச்சேன்னு நெனைக்க மாட்டாரா?

சாரு பொன்னாடையக் கழட்டி மேசையில வெச்சாரு. மைக்கை மெதுவா எடுத்தாரு. "சரி... சரிங்க. நீங்க எல்லாரும் ஒரே குரல்ல சொல்லும்போது... நான் அந்தத் தீர்ப்பை..."ன்னு இழுத்தாருங்க.

கடியாரத்தைப் பாத்தேன், மணி அஞ்சாகப் போகுது. அஞ்சு அடிச்சா ஷிப்டு பஸ்சு கெளம்பிரும், நெகமத்துக்காரங்களுக்கு அதை உட்டா வேற கதியில்லை. கூட்டத்துலயும் ஒரே கலவரம். நானு கைய நீட்டிப் பாட்டுப்பொட்டிப் பட்டனை அமுக்கிட்டேன்.

நாட்டுப்பண்.

அவ்வளவுதானுங்க! நின்னவங்க நின்னபடி, எல்லாரும் வெறைச்சு நேரா நின்னுட்டாங்க. மயிலாத்தா நீட்டுன கையக் கீழ எறக்கி ஒடம்போட ஒட்டிக்கிச்சு. சாரு பாதித் தொறந்த வாய மூடிட்டாரு. நாட்டுப்பண் ஓடறப்ப ஆரு பேசுவாங்க? அது முடிஞ்சுதுன்னா கூட்டமும் முடிஞ்சுது, அதுக்கப்புறம் மைக்கைத் தொடறது வழக்கமில்லை. வெளிய பஸ்சுக்காரன் ஹாரன் அடிக்கறான். சாரு ஒரு நிமிசம் நின்னு பாத்தாரு, பக்கத்துக் கதவு வழியா எறங்கிக் காருல ஏறிப் போயிட்டாரு. கூட்டத்தைக் கட்டுப்படுத்தறதுன்னா சும்மாவா? சாரு வந்த பொறவு சொன்ன நேரத்துக்கு முடிஞ்ச மொத மீட்டிங்கு அதுதானுங்க. ஒருத்தரும் தூங்கலை.

திங்கக்கெழம ஆர்டர் வந்துச்சு. தீர்ப்பு தீர்ப்புதானுங்களே. நானே வெச்ச நடுவரு, நானே மீற முடியுமுங்களா? போர்டைக் கழட்டிக் குடுத்துட்டு வந்துட்டேன். இப்பத் தாராபுரம் பக்கத்துல ஒரு நூல் மில்லுல ஆளு வேணுமாம். மயிலாத்தாளோட தங்கச்சி ஊட்டுக்காரரு அங்க சூப்பர்வைசரு, அந்தம்மாதான் பேசி ஏற்பாடு பண்ணிச்சு. தெனமும் வேலை முடிஞ்சு ஆராச்சும் ஒருத்தரு ஊட்டுக்கு வந்து உக்காந்துட்டுப் போறாங்க. ரஃபீக்கு வாரான், பொன்னுச்சாமி வாராரு. எங்கூடு அவங்க போற வழியில இருக்குது போல.

என்னங்க? சாரு என்ன சொல்ல வந்தாருங்கறீங்களா? பாருங்க, நீங்களும் அதையேதான் கேக்கறீங்க. ருக்குமணி தெனம் கேக்கறா. "அந்த ஒரு நிமிசம் பொறுத்திருந்தா உங்களுக்கு என்ன கெட்டுப் போச்சு?"ன்னு சோத்தைப் போட்டுட்டு எதுக்க உக்காந்துட்டுக் கேக்கறா. அவளுக்கு மேடை பத்தி ஒண்ணும் தெரியாதுங்க. பஸ்சு போயிருந்தா அந்த ஆளுங்க நெகமத்துக்கு நடந்தா போவாங்க?

ஆனா ஒண்ணுங்க. கை தட்டலைன்னு அவங்களை நானு கொறை சொன்னாலும், எங்காளுங்களுக்கு நாட்டுப்பற்று நெம்ப எச்சு. இத்தனை வருசம் மாசாமாசம் நானுதான் அந்தப் பாட்டைப் போட்டிருக்கேன், ஆரு கண்ணும் ஈரமாகி நானு பாத்ததில்லை. அன்னிக்கு மயிலாத்தாளுக்குக் கண்ணுல தாரதாரையாத் தண்ணி. தொடைக்கவும் முடியாம நேரா நிக்குது. ரஃபீக்குக்கும் அதே. பொன்னுச்சாமி, அத்தனாம் பெரிய மனுசன், தோளு குலுங்கக் குலுங்க அழுகறாரு. அந்தப் பாட்டைக் கேட்டு அப்படியொரு அழுகைய நானு எங்கயும் பாத்ததே இல்லீங்க.